ராணியம்மா மேல மட்டும் பெஞ்ச மழை

கடத்திட்டேன்னு சொல்லாதீங்க வேலாயுதம் மாமா, வார்த்தையை அளந்து பேசுங்க. கடத்துறதுன்னா கையைக் கட்டி, வாயைப் பொத்தி, கார் டிக்கியில போட்டுக் கொண்டு போறது. நான் பண்ணது ஒரு குடையை மடக்குனது, அவ்வளவுதான். குடையை மடக்குறதுக்கு என்ன செக்சன்னு சொல்லுங்க, எங்க லா காலேஜ்லயே போய் விசாரிச்சுட்டு வரேன். என்னது? பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாதா? நீங்க அரண்மனைக் காரியஸ்தர், அதனால ஊர்க்கூட்டத்துல மைக்கைப் புடிச்சு "குடைக்காரன் மக ஊர்த் தண்ணியைத் திருடிட்டா"ன்னு அரை மணி நேரம் பேசலாம், நான் வாயைத் தொறந்தா ஆகாதா? அப்பா, நீங்க ஏன் தலையைக் குனியுறீங்க? நிமிந்து உக்காருங்க. குனிய வேண்டியவங்க முன் வரிசையில சேர் போட்டு உக்காந்திருக்காங்க.

தாசில்தார் மேடம், நீங்க இந்த ஊருக்கு வந்து மூணு வாரந்தான் ஆகுது. "காணாமப்போன ராணியைத் திரும்பக் கூட்டிவரணும்"னு ஒரு தீர்மானம் எழுதி உங்க முன்னாடி வச்சிருக்காங்க, நீங்க பேனாவையும் தொறந்துட்டீங்க. ஒரு நிமிசம் அதை மூடி வைங்க. அவங்க எப்படி வந்தாங்க, எப்படிப் போனாங்கன்னு மொதல்ல இருந்து சொல்றேன், அதுக்கப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க.

காரைமேட்டு அரண்மனைக் கூரை நாப்பது வருசமா ஒழுகிச்சு. மழைக்காலம் வந்தா பெரிய துரை கட்டிலை அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நகத்திக்கிட்டே இருப்பார், சுவர்ல மாட்டியிருந்த பாட்டன் பூட்டன் படமெல்லாம் தண்ணி எறங்கி மீசை எது மூக்கு எதுன்னு தெரியாமப் போச்சு, தர்பார் மண்டபத்துல அண்டாவும் குண்டாவும் வரிசையா வச்சு அது நெரம்புற சத்தத்துலதான் அந்த வீடே தூங்கும், அந்த வீட்டுக்கு மிச்சம் இருந்தது பேரும், கோயில்ல கட்டுற பரிவட்டமும், எங்க அப்பா பிடிக்கிற பட்டுக்குடையும் மட்டுந்தான். அப்பதான் அமெரிக்காவுல நியூஜெர்சியில உறைய வச்ச பரோட்டா பேக்டரி நடத்துற ஒருத்தர் வந்தார். எந்நேரமும் கோட்டுதான் போட்டிருப்பார், நம்ம வெயில்லயும். அவரோட அப்பா இந்த அரண்மனை வாசல்ல செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நின்ன மனுசனாம். அதே வாசல்ல நின்னு, "எங்கப்பாவை வெளிய நிக்க வச்ச வீட்டுக்கு எம்மக ராணியாப் போறா"ன்னு சொல்லும்போது அவருக்குக் கண்ணு கலங்கிச்சு. மக முகத்தை அவர் பாக்கல. கூரையைப் பாத்துக்கிட்டிருந்தார், எங்கெங்க ஓடு மாத்தணும்னு.

அந்த மகதான் தாரிணி. இருபத்தஞ்சு வயசு, நீச்சல்ல மெடல் வாங்குனவங்க, தமிழ் பேசுனா ஒவ்வொரு வார்த்தையையும் சுடுசோத்தை ஊதிச் சாப்பிடுற மாதிரி ஊதி ஊதிப் பேசுவாங்க. எங்க சின்ன துரை பாக்க லட்சணமா இருப்பார், குதிரைப் படம் போட்ட சட்டை போடுவார், மெதுவாச் சிரிப்பார். அவங்களுக்குப் பிடிச்சுத்தான் போச்சு, அதுல பொய் இல்ல. ஆவணியில கல்யாணம். அதுக்கு மூணு மாசம் முன்னாடியே சென்னையில இருந்து கொத்தனாரும் இஞ்சினியரும் வந்து அத்தனை ஓட்டையையும் அடைச்சு, மேல கான்கிரீட் போட்டு, அதுக்கு மேல வெள்ளையா எதையோ பூசி, கூரையைப் பீங்கான் கிண்ணம் மாதிரி ஆக்கிட்டுப் போனாங்க.

மூணாம் நாள் அரண்மனையில மறுவீட்டு விருந்து. நல்ல மத்தியான வெயில், வெளிய ஒரு மேகம் கிடையாது. இலை போட்டு, ரசம் ஊத்துற நேரத்துல தாரிணியம்மா இலையில ஒரு சொட்டு விழுந்துச்சு, அப்புறம் தலையில, அப்புறம் தோள்ல, அப்புறம் பொடிப்பொடியா அவங்க மேல மட்டும் மழை பெய்ய ஆரம்பிச்சுச்சு, பக்கத்துல உக்காந்திருந்த மாப்பிள்ளை சட்டையில ஒரு பொட்டு ஈரம் இல்ல. யாரும் எழுந்திரிக்கல. மாமியார் "இலையை மாத்துங்க, ரசம் நீர்த்துப் போச்சு"ன்னாங்க. இடத்தை மாத்துனாங்க, மழையும் மாறி உக்காந்துச்சு. பெரிய துரை அப்பளத்தை ஒடிச்சுக்கிட்டே சொன்னார், "நாப்பது வருசமா இந்த வீட்டுக்குள்ள பெய்யுற மழை. கூரையை அடைச்சுட்டோம். அதுக்கும் ஒரு இடம் வேணும்ல?" அவ்வளவுதான், எல்லாருக்கும் நியாயமாப் பட்டுச்சு, பாயசம் வந்துச்சு.

அமெரிக்காவுல இருந்து அவங்க அப்பா போன்ல, "ஏசி தண்ணியா இருக்கும்மா, சர்வீஸ் பண்ணச் சொல்லு"ன்னார். ஏசியைக் கழட்டிட்டாங்க, மழை நிக்கல. அதுக்கப்புறம் அந்த வீடு பழகிருச்சு. அவங்க கட்டிலைச் சுத்தி வாய்க்கா வெட்டுனாங்க. அவங்களுக்குன்னு தனியாத் தகர நாற்காலி. ஏழு போன் நனைஞ்சு செத்துச்சு, எட்டாவது வாங்கிக் குடுக்கல. பாஸ்போர்ட் நனைஞ்சிரும்னு வாங்கி பூஜை ரூம் பீரோவுல வச்சுப் பூட்டுனாங்க. அவங்க அம்மா அரண்மனைப் போனுக்குக் கூப்பிடும்போதெல்லாம் இதோ இந்த வேலாயுதம் மாமாதான் எடுத்து, "ராணி குளிச்சிக்கிட்டிருக்காங்கம்மா"ன்னு சொல்லுவார். பொய்யும் சொல்லல பாருங்க, மனுசன் சாமர்த்தியசாலி.

அந்த வருசம் ஐப்பசி பொய்ச்சுப் போச்சு, கார்த்திகையும் பொய்ச்சுப் போச்சு. இந்த ஊர்ல போர்த் தண்ணி உப்பு, குளத்துல நாய் படுத்துக் கெடக்கு, லாரித் தண்ணி என்னிக்காவது வரும். அரண்மனைச் சமையக்கார அக்கா, ராணியம்மா மேல விழுந்து வாய்க்கால்ல ஓடுன தண்ணியைப் புடிச்சு ஒரு நாள் துவரம்பருப்பு போட்டுச்சு. ரெண்டே விசில்ல பருப்பு பூ மாதிரி மலந்துருச்சு. அன்னிக்குச் சாயங்காலமே பின்வாசல்ல பதினோரு கொடம். மறுநாள் அம்பது. பச்சைக் கொடம், நீலக் கொடம், மூடி தொலைஞ்ச கேன், பெயிண்ட் டப்பா. அரண்மனைக்காரங்களுக்கு அதுல ஒரே சந்தோசம். எத்தனையோ வருசம் கழிச்சு ஊரு அவங்க வாசல்ல தலையைக் குனிஞ்சு நிக்குதே! வேலாயுதம் மாமா தோள்ல துண்டை மடிச்சுப் போட்டுக்கிட்டு வரிசை சரி பண்ணுவார். ராணியம்மாவை முற்றத்துல தகர நாற்காலியில உக்கார வச்சு, சுத்திக் கொடத்தை வைப்போம். அவங்க விரலெல்லாம் எந்நேரமும் ஊறிச் சுருங்கியே இருக்கும். பட்டுச் சேலைக் கரையில குட்டிக் காளான். காதுக்குப் பின்னால பாசி. காப்பி டம்ளர்ல ஒரு நாள் தலைப்பிரட்டை நீந்துச்சு, அவங்க அதைக் கரண்டியில எடுத்து வாய்க்கால்ல விட்டாங்க, நாங்க "பாவம், ஜீவகாருண்யம்"னு பேசிக்கிட்டோம். எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து அவங்க நாற்காலிக்குப் பக்கத்துல ஒத்தைக் கால்ல நிக்கும், அதுக்கும் பழகிருச்சு.

மழை எல்லா நேரமும் ஒரே மாதிரி பெய்யாது. அதைக் கண்டுபிடிச்சது எங்க தெரு கோமதி அத்தை. இதோ உக்காந்திருக்கு, அத்தை, மொறைக்காத, உண்மையைத்தான் சொல்றேன். ஒரு நாள் அது கொடம் அரைக்கொடமா நிக்கும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டுச்சு, "ஏ ராணி, ஒங்க ஊர்ல இப்பம் பனி விழுந்திருக்குமாத்தா?"

ராணியம்மா யோசிச்சாங்க. "விழுந்திருக்கும், அத்தை. எங்க தெருவுல மொதல்ல எங்க வீட்டு மேப்பிள் மரத்துலதான் விழும். தம்பியும் நானும் அதை நாக்குல புடிப்போம்."

சடசடன்னு புடிச்சுச்சு பாருங்க மழை! மூணு கொடம் ஒரே மூச்சுல நெரம்பிச்சு.

"அடியே, இன்னும் ஏதாச்சும் கேளுங்கடி!"ன்னு பின்னாடி இருந்து ஒரே சிரிப்பு.

அன்னில இருந்து வரிசையில நிக்குறவங்க ஆளுக்கொரு கேள்வியோட வந்தாங்க. ஒங்க பள்ளிக்கூடம் எப்படி, ஒங்க தம்பி சிரிச்சா எப்படிச் சிரிப்பான், நீ மொதமொதல்ல நீந்துன கொளம் எது, ஒங்கம்மா ஒனக்குத் தலை சீவி விட்டுதா. அவ்வளவு பாசமாக் கேப்பாங்க மேடம். பாசம் பொய்யும் இல்ல, அதுதான் கொடுமை. அவங்க சொல்லச் சொல்ல மழை வலுக்கும், கொடம் நெரம்பும், நெரம்புன கொடத்தை இடுப்புல ஏத்திக்கிட்டு "நல்லாயிருத்தா"ன்னு வாழ்த்திட்டுப் போவாங்க. நான் யோக்கியம்னு நெனைக்காதீங்க. லீவுக்கு வந்தப்ப நானும் எங்கம்மா கொடத்தைத் தூக்கிட்டுப் போய் நின்னேன். நானும் கேட்டேன், "உங்க பொறந்தநாளுக்கு உங்கம்மா என்ன செய்வாங்க?"ன்னு. "ஆப்பிள் கேக். பட்டை போட்டு. வீடு பூரா வாசம் வரும்"னாங்க. அஞ்சு கொடம். எங்கம்மா என்னைச் சாமர்த்தியக்காரின்னு கன்னத்தைக் கிள்ளுச்சு. வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் மொண்டு குடிச்சேன். என் நாக்குல ஆப்பிள் கேக் இனிச்சுச்சு. ஜென்மத்துல நான் தின்னதில்ல, ஆனா எந்தப் பக்கம் லேசாக் கருகியிருந்துச்சுன்னு வரைக்கும் தெரிஞ்சுச்சு.

மறுநாள் போய், "கேக் நல்லா இருந்துச்சுக்கா"ன்னேன். "எந்த கேக்?"னு கேட்டாங்க.

நான் வெளயாடுறாங்கன்னு நெனச்சேன். வீடு திரும்புற வழியில டீக்கடையில மாடசாமி அண்ணன் பாயிலரைத் தொடச்சுக்கிட்டே ஒரு ஆளுகிட்ட, "கராஜ் கதவுக்கு எண்ணெய் விடணும்டே, தொறக்கும்போது கிறீச்சுங்குது, புள்ள முழிச்சிருவா"ன்னு சொல்லிக்கிட்டிருந்தார். அந்த அண்ணன்கிட்ட சைக்கிளே கெடையாது. மூணு மணியானா கோயில் தெருவுல தெனமும் பாத்தேன், பெரியவங்க சின்னவங்க எல்லாம் வேலையை விட்டுட்டு வாசலுக்கு வந்து கெழக்க பாத்து நிக்குறாங்க. எதுக்குன்னு கேட்டா, "மஞ்ச பஸ் வர்ற நேரம்ல"ங்குறாங்க. நம்ம ஊருக்கு மஞ்சப் பள்ளிக்கூட பஸ் என்னிக்கு வந்துச்சு? யாரும் அதை விசேசமா நெனைக்கல. பத்து நிமிசம் நின்னு பாத்துட்டு உள்ள போய் மாவாட்டுனாங்க.

மாசி மாசம் ஒரு காலையில, அறுபது பொம்பளைங்க நிக்குறாங்க, நானும் நிக்குறேன், ராணியம்மா திடீர்னு நிமிந்து அவங்களாவே பேசுனாங்க. "ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டு வாசக்கதவு என்ன கலர்? நேத்துல இருந்து யோசிக்கிறேன். வரல."

அறுபது பேரும், ஒரே குரல்ல, "பச்ச."

என் வாயும் சேந்து சொல்லிச்சு மேடம். நான் சொல்லணும்னு நெனைக்கவே இல்ல, அதுக்குள்ள சொல்லிருச்சு. அவங்க எங்க ஒவ்வொருத்தர் முகத்தையும் மெதுவாப் பாத்துக்கிட்டே வந்தாங்க, எங்க முகத்துல அவங்க சாமான் எதையோ தேடுற மாதிரி. கூட்டத்துல இருந்து ஒரு பொண்ணு மெதுவா, "பித்தளைக் கைப்புடி. ஆடிக்கிட்டே இருக்கும்"னுச்சு. ராணியம்மா "தேங்க்ஸ்"னாங்க. நாங்க கொடத்தைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டோம்.

மறுநாள் எல்லாரும் போனதுக்கப்புறம் நான் மட்டும் நின்னேன். அவங்க சொன்னாங்க, "இசக்கி, ஸ்கூல் பேரு போச்சு. தம்பி சிரிப்பு போச்சு. நீச்சல் கொளம் போச்சு, இப்ப தண்ணியில போட்டா முங்கிருவேன்னு நெனைக்கிறேன். அம்மா முகம் மட்டும் இருக்கு. அதை யாராச்சும் கேட்டுட்டா என்ன பண்றது?" அவங்க உதட்டைக் கடிச்சுக்கிட்டே பேசுனாங்க, மழை பெருகிரக்கூடாதுன்னு, கீழ கொடம் வேற ஒண்ணு மிச்சம் இருந்துச்சு.

இப்ப குடைக்கு வரேன். மேடம், இந்த ஜமீன்ல ஒரு பழக்கம். ஜமீன் மருமக வாசப்படி தாண்டி வெளிய வந்தா தலைக்கு மேல பட்டுக்குடை இருக்கணும், அதை எங்க வீட்டுக் கைதான் பிடிக்கணும். குடை விரிஞ்சிருந்தா அவங்க ராணி, ஊரு கும்பிடும். குடை மடங்குச்சுன்னா அவங்க அங்க இல்ல, ஊரு முதுகைக் காட்டித் திரும்பிக்கணும், மறுபடி குடை விரியுற வரைக்கும் பாக்கக் கூடாது. பல்லக்குக் காலத்துப் பழக்கம், யாரும் ஏன்னு கேட்டதில்ல. பங்குனித் திருவிழாவுக்கு ராணியம்மா கோயிலுக்கு வந்து முதல் மரியாதை வாங்கணும். மழை குடைக்குக் கீழதானே பெய்யுது, ஒட்டி நின்னு பிடிக்கணும், எங்கப்பா ஏழு மாசம் அதுல நனைஞ்சு நனைஞ்சு காய்ச்சல்ல படுத்துட்டார். எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு யார் சொன்னது, "குடை ஒங்க வீட்டுக் கையில இருக்கணும், அவ்வளவுதான், மகளை அனுப்பு"ன்னு? நீங்கதான் வேலாயுதம் மாமா. வேணும்னா இல்லன்னு சொல்லுங்க பாப்போம்.

கோயில் வாசல்ல மேளம் கொட்டுது, வெயில் கொளுத்துது, பரிவட்டத் தட்டு வருது, ரெண்டு பக்கமும் ஆயிரம் பேர். குடைக்குள்ள நானும் அவங்களும், தொப்பலா நனைஞ்சு. நான் கேட்டேன், "அக்கா, நேரா நடந்தா பஸ் ஸ்டாண்டு. நடப்பீங்களா?" அவங்க செருப்பைக் கழட்டிட்டாங்க. நான் குடையை மடக்கினேன்.

ஊரே திரும்பிக்கிச்சு. யாரும் யோசிக்கல, கால் பழகுன பழக்கம். மேளக்காரர் திரும்பினார், தட்டு வச்சிருந்த பூசாரி திரும்பினார், பந்தோபஸ்துக்கு வந்த நம்ம ஊர்ப் போலீஸ்கார அண்ணன் திரும்பினார். வேலாயுதம் மாமா, நீங்க "குடையை விரி, குடையை விரி"ன்னு கோயில் சுவரைப் பாத்துக் கத்துனீங்க. ஜமீன் ரத்தம் திரும்ப வேண்டியதில்ல, பழக்கத்துல அவங்களுக்கு விலக்கு உண்டு. சின்ன துரையும் திரும்பிக்கிட்டார். ஆயிரம் முதுகுக்கு நடுவுல அவங்க நடந்தாங்க, அவங்க மழையும் கூடவே நடந்துச்சு, காஞ்ச ரோட்டுல ஒரு கோடு மாதிரி ஈரம், பின்னாடியே அந்தக் கொக்கு. பஸ் கெளம்புற சத்தம் கேட்ட பிறகுதான் நான் குடையை விரிச்சேன். எல்லாரும் திரும்பிக் குடைக்குக் கீழ என்னைப் பாத்துக் கும்பிட்டாங்க. ரெண்டு நிமிசம் கும்பிட்டாங்க மேடம்.

இன்னிக்கு இருபத்தோரு நாள் ஆச்சு. பருப்புக்கு மறுபடி ஆறு விசில். தாகம் எனக்கும் இருக்கு, எங்கம்மாவும் உப்புத் தண்ணிதான் குடிக்குது, அதை நான் மறுக்கல. லாரி கேளுங்க, குளத்தைத் தூரெடுக்கக் கேளுங்க, கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காருங்க, மொத ஆளா நான் வரேன். அதுக்குப் பதிலா ஒரு பொண்ணைத் திரும்பக் கொண்டுவந்து தகர நாற்காலியில உக்கார வைன்னு தீர்மானம் போடுறீங்க. அவங்க எந்த ஊர்ல எறங்குனாங்கன்னு எனக்குத் தெரியும். அடிச்சாலும் சொல்ல மாட்டேன். ஆனா ஒருத்தர் வாயைத் தொறந்தா சொல்றேன்.

சின்ன துரை, உங்களைத்தான். காரியஸ்தரைப் பாக்காதீங்க, என்னைப் பாருங்க. அவங்க உங்க பொண்டாட்டி. திருவிழாவுக்கு ரெண்டு நாள் முன்னாடி, கொடம் வரிசை நிக்கும்போது, முற்றத்துல அவங்க எழுந்து உங்க முன்னாடி வந்து நின்னாங்க. "பத்து நாள். அம்மாவைப் பாத்துட்டு வந்துடறேன். அவங்க முகம் மங்கலாகுது"ன்னாங்க. நீங்க வரிசையைப் பாத்தீங்க, எத்தனை கொடம் நிக்குதுன்னு பாத்தீங்க. மெதுவாச் சிரிச்சுக்கிட்டே, "வெயில் காலம் முடியட்டும்"னு சொன்னீங்க. சொன்னீங்களா இல்லையா? அங்க நின்ன அம்பது பேரும் இங்கதான் உக்காந்து மண்ணைப் பாத்துக்கிட்டிருக்காங்க, அவங்களை நான் கேக்கல. உங்களைக் கேக்குறேன்.

இந்தாங்க மைக். ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. ஊர் கேக்கட்டும், தாசில்தார் மேடம் எழுதிக்கட்டும். நான் எங்கயும் போகல, இங்கதான் நிக்கிறேன். எழுந்திரிங்க துரை. பேசுங்க.